அசெம்ப்ளி கோடு விழுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ப்ராசசரின் சொந்தக் கட்டளைகளிலேயே எழுதும் அசெம்ப்ளி மொழியைப் பழக ஆரம்பித்தவர்கள் கைவிடுவது கட்டளைகள் புரியாததால் இல்லை. மூவ், ஆட், கம்பேர், ஜம்ப் எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ப்ரோக்ராம் பாதியில் செத்து விழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் கைவிடுகிறார்கள். பைத்தானில் தப்பு செய்தால் எந்த வரி, என்ன தப்பு என்று விலாவாரியாக எழுதிக் காட்டும். இங்கே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று இரண்டே வார்த்தை, தொடக்கூடாத மெமரியைத் தொட்டுவிட்டாய் என்று அர்த்தம், அதோடு சரி. உடனே கோடைக் குத்துமதிப்பாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது, ஒரு வரியை எடுப்பது, இரண்டு வரியை இடம் மாற்றுவது, இப்படியே ராத்திரி போய்விடும். அதை விடுங்கள். விழுந்த இடத்தில் ரெஜிஸ்டர்களில், அதாவது ப்ராசசருக்குள்ளேயே எண்களை வைக்கும் சின்னப் பெட்டிகளில், என்ன எண் கிடக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அந்த எண்ணிலேயே காரணம் இருக்கும்.

கீழே உள்ளதெல்லாம் லினக்ஸில், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியில், நாஸ்ம் அசெம்ப்ளரை வைத்துப் பழகுகிறவர்களுக்கு. ரெஜிஸ்டர் பெயர்களையும் கட்டளைகளையும் வாயால் சொல்கிறபடி எழுதுகிறேன், தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கைபேசியில் டெர்மக்ஸ் போட்டுப் பழகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் இருப்பது ஆர்ம் ப்ராசசர். நாஸ்ம் கோடை அசெம்பிள் செய்யும், ஓட்டினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று கையை விரித்துவிடும். புதிய ஆப்பிள் மேக்கிலும் இதே கதைதான்.

முதலில் கையில் இருக்க வேண்டிய இரண்டு

ஜிடிபி, எஸ்ட்ரேஸ். இந்த இரண்டும் இல்லாமல் அசெம்ப்ளி பழகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பது மாதிரி. எஸ்ட்ரேஸ், உங்கள் ப்ரோக்ராம் கர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) என்னென்ன கேட்டது, கர்னல் என்ன பதில் சொன்னது என்று வரிவரியாகக் காட்டும். ஜிடிபி, ப்ரோக்ராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டி உள்ளே பார்க்க விடும் டிபக்கர், அதில் மொத்தமாக ஐந்தாறு கட்டளை தெரிந்தால் போதும். 'ஸ்டார்ட்ஐ' கொடுத்தால் முதல் கட்டளையிலேயே நிற்கும், 'எஸ்ஐ' ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தும், 'லேஅவுட் ரெக்ஸ்' ரெஜிஸ்டர்களை மேலே தட்டி போட்டுக் காட்டும், மாறிய எண் தனியாக மின்னும். 'எக்ஸ்/ஐ $பிசி' இப்போது நிற்கிற கட்டளையைக் காட்டும். 'எக்ஸ்/4ஜிஎக்ஸ் $ஆர்எஸ்பி' ஸ்டாக்கின் (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மெமரிப் பகுதி) உச்சியில் இருக்கும் நான்கு எண்களைக் காட்டும். அப்புறம் 'செட் டிஸ்அசெம்ப்ளி-ஃப்ளேவர் இன்டெல்' என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏடி அண்ட் டி பாணியில் இடம் வலம் மாறிக் காட்டி உங்களைக் குழப்பும்.

அறிகுறி: ஓடும் நிலைக்கே வரவில்லை

இங்கே அதிகம் யோசிக்க எதுவும் இல்லை, அசெம்பிள் ஆனதை ஓடும் கோப்பாக்கும் லிங்கர் சொல்வதைப் பொறுமையாக வாசித்தால் போதும்.

'ஐ386 ஆர்க்கிடெக்சர் இன்கம்பேட்டிபிள்' என்று வந்தால், நாஸ்முக்கு ஃபார்மட் கொடுக்கும்போது வெறும் 'எல்ஃப்' என்று கொடுத்திருக்கிறீர்கள். அது 32 பிட். 'எல்ஃப்64' என்று கொடுங்கள். 'எண்ட்ரி சிம்பல் ஸ்டார்ட் கிடைக்கவில்லை' என்று எச்சரிக்கை வந்தால் 'குளோபல்' வரியை விட்டிருப்பீர்கள், அல்லது லேபிளின் முன்னால் வரும் அடிக்கோட்டை மறந்திருப்பீர்கள். இது வெறும் எச்சரிக்கைதானே என்று விட்டுவிடாதீர்கள். லிங்கர் டெக்ஸ்ட் பகுதியின் தொடக்கத்தையே நுழைவாயிலாக வைத்துக்கொள்ளும். நீங்கள் அங்கே முதலில் ஒரு துணை ஃபங்ஷனை எழுதியிருந்தால் அது முதலில் ஓடும். அப்புறம் நடப்பதெல்லாம் விநோதமாக இருக்கும். ஜிசிசி வழியாக லிங்க் செய்தால் கதை வேறு, அது ஸ்டார்ட் லேபிளைத் தானே கொண்டுவரும், உங்களிடம் மெயினைத்தான் கேட்கும். இரண்டு ஸ்டார்ட் இருக்கிறது என்று புலம்பினால் உங்கள் லேபிளை மெயின் என்று மாற்றுங்கள்.

'ஆபரேஷன் சைஸ் நாட் ஸ்பெசிஃபைட்' என்பது மெமரியில் ஐந்தை எழுது என்று சொல்லிவிட்டு, ஒரு பைட்டா எட்டு பைட்டா என்று சொல்லாமல் விட்டது. 'பைட்' அல்லது 'க்யூவேர்ட்' சேர்த்தால் முடிந்தது.

இன்னொன்று இருக்கிறது, இது மட்டும் கொஞ்சம் விஷமமானது: எந்தப் பிழையும் எச்சரிக்கையும் இல்லாமல் எல்லாம் நடந்து, ஓட்டினால் முதல் கட்டளையிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். ஜிடிபியில் பார்த்தால் ஸ்டார்ட் லேபிளிலேயே நிற்கிறது, ஒரு கட்டளைகூட ஓடவில்லை. அப்படியானால் 'செக்ஷன்' வரியைப் பாருங்கள். 'டெக்ஸ்ட்' என்ற பெயருக்கு முன்னால் புள்ளி வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நாஸ்ம் அதை ஏதோ பெயர் தெரியாத பகுதி என்று எடுத்துக்கொண்டு, ஓட்டவும் கூடாது எழுதவும் கூடாது என்று முத்திரை குத்திவிடும். 'டேட்டா'வுக்கும் அதே விதி. அங்கே புள்ளியை விட்டால் வாசிப்பது வேலை செய்யும், எழுதப் போன இடத்தில் விழும்.

அறிகுறி: அச்சாகிறது, ஆனால் கடைசியில் செக்மென்டேஷன் ஃபால்ட்

எல்லோருக்கும் முதல் நாளே வருவது. வாக்கியம் திரையில் அழகாக வந்துவிடும், அடுத்த வரியிலேயே ஃபால்ட்.

காரணம் ஒன்றுதான்: முடிந்துவிட்டது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ப்ராசசருக்கு உங்கள் கோடு எங்கே முடிகிறது என்று தெரியாது, அடுத்த பைட்டை எடுக்கும், அதையும் கட்டளை என்று நினைத்து ஓட்டும். கோடு முடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பதெல்லாம் பூஜ்யம். இரண்டு பூஜ்ய பைட் சேர்ந்தால் அதுவும் ஒரு செல்லுபடியான கட்டளைதான்: ஆர்ஏஎக்ஸ் காட்டும் முகவரியில் ஏஎல்-ஐ (ஆர்ஏஎக்ஸின் கடைசி பைட்) கூட்டு. இப்போது ஆர்ஏஎக்ஸில் என்ன இருக்கிறது? சற்றுமுன் ரைட் சிஸ்டம் கால் (எழுதித் தா என்று கர்னலிடம் கேட்பது) எத்தனை பைட் எழுதியது என்ற எண், 22 என்று வைத்துக்கொள்வோம். 22 என்ற முகவரியில் உங்களுக்கு எந்த இடமும் கிடையாது. விழுந்தது. ஜிடிபியில் விழுந்த இடத்தில் 'ஆட் பைட் பிடிஆர் [ஆர்ஏஎக்ஸ்], ஏஎல்' என்று நீங்கள் எழுதவே இல்லாத ஒரு வரி நிற்பதைப் பார்த்தால், ப்ரோக்ராம் தன் எல்லையைத் தாண்டி பூஜ்யக் காட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தீர்வு தெரிந்ததுதான், ஆர்ஏஎக்ஸில் 60 (எக்ஸிட்டின் எண்), ஆர்டிஐயில் 0, பிறகு சிஸ்கால்.

சிலர் 'ரெட்' போட்டு முடிக்கப் பார்ப்பார்கள், சி மொழியில் ரிட்டர்ன் போட்ட பழக்கம். ஸ்டார்ட் லேபிளை யாரும் 'கால்' செய்து அழைக்கவில்லை, கர்னல் நேராகக் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டது, அதனால் திரும்பிப் போக முகவரி எதுவும் ஸ்டாக்கில் இல்லை. அப்போது ஸ்டாக்கின் உச்சியில் இருப்பது ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை. ப்ரோக்ராமின் பெயரும் அதில் சேர்த்தி என்பதால் சும்மா ஓட்டினால் அது 1. 'ரெட்' அந்த 1-ஐ எடுத்து, 1 என்ற முகவரிக்குத் தாவும். ஜிடிபியில் ஆர்ஐபி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) 1 என்று காட்டும். நம்பிக்கை இல்லையென்றால் டெர்மினலில் பெயருக்குப் பின்னால் இரண்டு வார்த்தை சேர்த்து ஓட்டிப் பாருங்கள், 3-இல் போய் விழும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் ஸ்டாக் என்பது பாடப்புத்தகத்தில் போட்ட பெட்டிப் படமாக இருக்காது.

அறிகுறி: எதுவுமே அச்சாகவில்லை, பிழையும் இல்லை

ஃபால்ட் வந்தால்கூடப் பரவாயில்லை, பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். சத்தமே இல்லாமல் முடிந்துபோவதுதான் ஆளை அலைக்கழிக்கும். சிஸ்டம் கால் தோற்றால் கர்னல் ப்ரோக்ராமைக் கொல்லாது, ஆர்ஏஎக்ஸில் ஒரு குறை எண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்றால் தோற்றதே தெரியாது. அதனால் இந்த அறிகுறிக்கு எஸ்ட்ரேஸ்தான், வேறு எதையும் முதலில் தொடாதீர்கள்.

எஸ்ட்ரேஸில் ரைட் என்பதற்குப் பதிலாக 'ஸ்டாட்' என்று ஒரு வரி வந்தால், பழைய 32 பிட் பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். 32 பிட்டில் ரைட்டின் எண் 4, எக்ஸிட்டின் எண் 1. 64 பிட்டில் ரைட் 1, எக்ஸிட் 60. அங்கே 4 என்பது ஸ்டாட், அதாவது ஒரு கோப்பின் விவரம் கேட்பது. நீங்கள் எழுதச் சொன்னீர்கள், கர்னல் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தது. மறுபடி 1 போட்டு முடிக்கப் பார்த்தீர்கள், அது எழுத முயன்று தோற்றுத் திரும்பியது, கோடு எல்லையைத் தாண்டியது, மேலே சொன்ன பூஜ்யக் காடு, அதனால் இந்த வகையில் கடைசியில் ஃபால்ட்டும் வரும். எண் மட்டுமல்ல, ரெஜிஸ்டர்களும் வேறு. பழையது ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ். புதியது ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ். இணையத்தில் கிடக்கும் பாடங்களில் பாதிக்குமேல் 'இன்ட் 80' பாணி. அது 64 பிட் ப்ரோக்ராமிலும் பல நேரம் ஓடிவிடும் என்பதுதான் தொல்லை. ஓடும், ஓடும், ஒரு நாள் ஸ்டாக்கில் இருக்கும் பஃபரின் (எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) முகவரியைக் கொடுப்பீர்கள், அது அந்த முகவரியின் கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஆர்ஏஎக்ஸில் -14 வந்து நிற்கும். பழகுவதானால் ஒரே பாணியில் பழகுங்கள்.

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோபிராசசர் லேபில் 8086 பழகிவிட்டு வருகிறவர்கள் 'இன்ட் 21' போடுவார்கள், வாக்கியத்தின் கடைசியில் டாலர் குறியும் வைப்பார்கள். அது டாஸுக்கான கதவு. லினக்ஸில் தட்டினால் நேராக செக்மென்டேஷன் ஃபால்ட்.

எஸ்ட்ரேஸில் ரைட் என்றே வருகிறது, ஆனால் 'ஈஃபால்ட், பேட் அட்ரஸ்' என்கிறது என்றால் சதுர அடைப்பைப் பாருங்கள். நாஸ்மில் லேபிளை வெறுமனே எழுதினால் முகவரி, சதுர அடைப்புக்குள் எழுதினால் அந்த முகவரியில் இருக்கும் சரக்கு. ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று எட்டெழுத்தாக வைத்துவிட்டு, ஆர்எஸ்ஐயில் லேபிளை அடைப்போடு ஏற்றினால், எஸ்ட்ரேஸ் காட்டும் முகவரி இப்படி இருக்கும்: 6டி 61 6பி 6பி 61 6இ 61 76. இந்த எண்ணைப் பார்த்தவுடனே சந்தேகம் வர வேண்டும். 61 என்பது ஆஸ்கியில் சின்ன 'ஏ'. 6பி 'கே'. 76 'வி'. பின்னாலிருந்து வாசியுங்கள், வி, ஏ, என், ஏ, கே, கே, ஏ, எம். உங்கள் வணக்கம்தான் முகவரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. தலைகீழாக இருப்பதற்குக் காரணம், இந்த ப்ராசசர்கள் எண்ணின் கடைசி பைட்டை மெமரியில் முதலில் வைப்பவை. முகவரி என்று சொல்லப்படும் எண்ணில் 61க்கும் 7ஏக்கும் இடைப்பட்ட ஜோடிகள் வரிசையாக வந்தால், அது எங்கிருந்தோ தப்பி வந்த வாக்கியம் என்று முதலில் சந்தேகப்படுங்கள், இதற்கு மட்டும் ஆஸ்கி பட்டியலைக் கொஞ்சம் மனப்பாடம் செய்யலாம்.

இதே அடைப்பு நீளத்திலும் விளையாடும். நீளத்தை 'ஈக்யூ' என்று வைத்திருந்தால் அதற்கு மெமரியில் இடமே கிடையாது, அது வெறும் எண். அதை அடைப்புக்குள் போட்டால் 9 என்ற முகவரியை வாசிக்கப் போய் உடனே விழும். மாறாக நீளத்தை மெமரியில் ஒரு மாறியாக வைத்துவிட்டு அடைப்பை மறந்தால், மாறியின் முகவரியே நீளமாகப் போகும். அது நாற்பது லட்சத்துக்கு மேல் இருக்கும் ஒரு எண், உங்கள் வாக்கியத்தோடு பின்னால் கிடக்கும் மெமரியும் சேர்ந்து திரையில் கொட்டும்.

அறிகுறி: தமிழ் பாதியில் வெட்டுப்படுகிறது

தமிழில் வணக்கம் சொல்லாமல் எப்படி? ஆனால் 'வணக்கம்' ஐந்து எழுத்து என்று ஆர்டிஎக்ஸில் 5 போட்டால் 'வ' மட்டும் வந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கட்டம் ஒன்று நிற்கும். யூனிகோடில் க், ம் இரண்டிலும் புள்ளி தனிக் குறி, ஆக மொத்தம் ஏழு குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், 21 பைட். வரி முறிவோடு 22. ஐந்து பைட்டில் 'வ' முழுசாகவும் 'ண'வில் மூன்றில் இரண்டு பங்கும்தான் போகும். கையால் எண்ணாதீர்கள், டாலர் குறியிலிருந்து லேபிளைக் கழிக்கச் சொல்லி 'ஈக்யூ' வரியை வாக்கியத்துக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். நடுவில் வேறு மாறியை நுழைத்தால் அதன் பைட்டும் நீளத்தில் சேர்ந்துவிடும்.

இதே காரணத்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போடும் பயிற்சியைத் தமிழில் செய்ய வேண்டாம். பைட்டைத் திருப்பினால் எழுத்துகள் சிதைந்துபோகும்.

அறிகுறி: லூப் நிற்கவே இல்லை

ஆர்சிஎக்ஸில் 5 ஏற்றி, உள்ளே ஒரு ரைட், கடைசியில் 'லூப்' கட்டளை. ஐந்து தடவை அச்சாக வேண்டியது, திரை நிரம்பி ஓடுகிறது, கன்ட்ரோல் சி அடித்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. கோடை எத்தனை தடவை வாசித்தாலும் தப்பு தெரியாது, ஏனென்றால் நீங்கள் எழுதியதில் ஆர்சிஎக்ஸை யாருமே தொடவில்லை.

ஜிடிபியில் 'எஸ்ஐ' போட்டு நகர்த்துங்கள். சிஸ்காலைத் தாண்டும் அந்த ஒரு அடியில் கண்ணை ஆர்சிஎக்ஸ் மேல் வையுங்கள். 5 என்று இருந்தது சட்டென்று 401 என்று தொடங்கும் ஒரு ஹெக்ஸ் எண்ணாக மாறும். அதைப் பக்கத்தில் இருக்கும் ஆர்ஐபியோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றே. சிஸ்கால் கட்டளை, கர்னலுக்குள் போகும்போது திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும், ஃப்ளேக்குகளை ஆர்11இலும் போட்டு வைத்துக்கொள்கிறது. 64 பிட் வடிவத்தை உருவாக்கிய ஏஎம்டி இப்படித்தான் அமைத்திருக்கிறது, ஸ்டாக்கைத் தொடாமல் வேகமாகப் போய்வர. எனவே உங்கள் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 42 லட்சமாக மாறுகிறது, லூப் அதில் ஒன்றைக் குறைக்கிறது, அடுத்த சுற்றில் மறுபடி 42 லட்சம். எப்படி நிற்கும்?

எண்ணிக்கையை ஆர்பிஎக்ஸ் அல்லது ஆர்12இல் வைத்து, 'டெக்' போட்டு, பூஜ்யம் இல்லையென்றால் தாவு என்று எழுதுங்கள். 'இன்ட் 80' தானாக ஆர்சிஎக்ஸை மாற்றாது, ஆனால் அங்கே ரைட்டுக்கான முகவரியையே ஈசிஎக்ஸில்தான் வைக்க வேண்டும், அதனால் அங்கேயும் எண்ணிக்கையை வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும். சிஸ்கால் தவிர, சி ஃபங்ஷன்களை அழைத்தாலும் ஆர்சிஎக்ஸுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை, இவற்றை மட்டும்தான் அழைக்கப்பட்ட ஃபங்ஷன் பத்திரமாகத் திருப்பித் தரும்.

அறிகுறி: தசம எண்ணே இல்லை, 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்' என்கிறது

பெயர் ஏமாற்று வேலை. இன்டெலில் முழு எண் வகுத்தல் தோற்றாலும் லினக்ஸ் இந்தப் பெயரையே சொல்லும். பூஜ்யத்தால் வகுத்தீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. குற்றவாளி ஆர்டிஎக்ஸ்.

'டிவ்' கட்டளை ஆர்ஏஎக்ஸை மட்டும் வகுப்பதில்லை. ஆர்டிஎக்ஸை மேல்பாதியாகவும் ஆர்ஏஎக்ஸைக் கீழ்ப்பாதியாகவும் சேர்த்து 128 பிட் எண்ணாக எடுத்து வகுக்கும். ஈவு 64 பிட்டுக்குள் அடங்காவிட்டால் ஃபால்ட். அதாவது ஆர்டிஎக்ஸில் இருப்பது வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் நிச்சயம் விழும். இப்போது யோசியுங்கள்: சற்றுமுன் 22 பைட் வாக்கியம் ஒன்றை அச்சிட்டீர்கள், ஆர்டிஎக்ஸில் 22 அப்படியே கிடக்கிறது, 10ஆல் வகுக்கிறீர்கள். 22 பெரிது. முடிந்தது கதை.

இதற்கு ஒரு வேஷம் போட்ட தம்பி உண்டு. எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரிக்கும் லூப்பில், 10ஆல் வகுத்து மீதியை எடுப்பீர்கள். ப்ரோக்ராம் தொடங்கும்போது லினக்ஸ் ரெஜிஸ்டர்களைப் பூஜ்யமாக்கித்தான் கொடுக்கும், அதனால் 1234ஐ முதல் தடவை வகுக்கும்போது எல்லாம் சரி, ஈவு 123, மீதி 4. அந்த 4 எங்கே இருக்கிறது? ஆர்டிஎக்ஸில். இரண்டாம் சுற்றில் வகுபடுவது 123 இல்லை, 4ஐ மேல்பாதியாகக் கொண்ட ஒரு பிரம்மாண்டமான எண். 4, 10ஐவிடச் சிறியது என்பதால் ஃபால்ட் வராது, அதுதான் சங்கடம். ஈவு பத்தொன்பது இலக்கத்தில் வரும், லூப் நிற்காமல் இலக்கங்களைக் கக்கிக்கொண்டே போகும், கடைசியில் பஃபரைத் தாண்டி எழுதி செக்மென்டேஷன் ஃபால்ட்டில் முடியும். ஒற்றை இலக்க எண்ணுக்குச் சரியாக வருகிறது, இரண்டு இலக்கம் போட்டால் பைத்தியம் பிடிக்கிறது என்றால் இதுதான்.

ஒவ்வொரு 'டிவ்' கட்டளைக்கும் முந்தைய வரியில் ஈடிஎக்ஸை அதனோடே 'எக்ஸார்' செய்யுங்கள், லூப்புக்கு வெளியே இல்லை, உள்ளே. குறை எண்களை 'ஐடிவ்' கொண்டு வகுப்பதானால் பூஜ்யம் உதவாது, 'சிக்யூஓ' போட்டு ஆர்ஏஎக்ஸின் குறியை ஆர்டிஎக்ஸுக்கு நீட்ட வேண்டும்.

இலக்கத்தை அச்சிடும் முன் 48 கூட்ட மறக்காதீர்கள் என்று சொல்லவே வேண்டாம். கூட்டாமல் 7ஐ அனுப்பினால் திரையில் எதுவும் தெரியாது, சில டெர்மினலில் 'டிங்' என்று மணி அடிக்கும்.

அறிகுறி: 12 கொடுத்தால் 82 என்கிறது

எனக்கு ரொம்பப் பிடித்த பிழை, விடையே காரணத்தைக் கையில் கொடுக்கும். பயனரிடம் எண் வாங்கி, ஒவ்வொரு எழுத்திலும் 48 கழித்து, இதுவரை வந்ததைப் பத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். 12 தட்டி எண்டர் அடித்தால் ரீட் சிஸ்டம் கால் மூன்று பைட் கொண்டுவரும்: '1', '2', அப்புறம் எண்டர். எண்டரின் ஆஸ்கி எண் 10. அதையும் இலக்கம் என்று நினைத்து 48 கழித்தால் -38. 12 பெருக்கல் 10, 120. அதில் 38 போக 82. 5 கொடுத்தால் 12 வரும், போட்டுப் பாருங்கள். பத்து மடங்காகி 38 குறைந்த விடை வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ரீட் திருப்பித் தரும் எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொள்வது சுலபம். அதைவிட, எழுத்து '0'வைவிடச் சிறிதா '9'ஐவிடப் பெரிதா என்று பார்த்து வெளியேறுவது நல்லது, கோப்பிலிருந்து பைப் வழியாக வரும்போது கடைசியில் எண்டர் இல்லாமலும் வரும். இங்கேயே இன்னொன்று: எழுத்தை ஏஎல்-இல் ஏற்றிவிட்டு ஆர்ஏஎக்ஸ் முழுவதையும் கூட்டினால், மேலே இருக்கும் 56 பிட்டில் பழைய குப்பை இருந்தால் அதுவும் சேரும். ஈஏஎக்ஸில் எழுதினால் மேல்பாதி தானாகப் பூஜ்யமாகும், ஏஎல், ஏஎக்ஸில் எழுதினால் ஆகாது. 'மூவ்இசட்எக்ஸ்' போட்டு ஏற்றுங்கள்.

அறிகுறி: ஃபங்ஷனிலிருந்து திரும்பும்போது எங்கோ போய் விழுகிறது

ஜிடிபியில் 'பிடி' கொடுத்தால் வெறும் கேள்விக்குறிகள், ஆர்ஐபியில் 5 மாதிரி ஒரு சின்ன எண், அல்லது உங்கள் டேட்டா பகுதியின் முகவரி. காரணம்: புஷ் செய்த (ஸ்டாக்கில் வைத்த) ஒன்றை பாப் செய்யவில்லை (திரும்ப எடுக்கவில்லை). அந்த எண் எந்த ரெஜிஸ்டரில் இருந்தது என்று யோசித்தால் எந்த புஷ் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் நடுவில் ஒரு தாவல் இருக்கும், சீக்கிரம் வெளியேறும் வழி, அது பாப் வரியைத் தாண்டிக் குதித்து நேராக 'ரெட்'டுக்குப் போயிருக்கும். வெளியேறும் வழிகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே லேபிளுக்கு வந்து, அங்கே பாப், பிறகு ரெட். 'ரெட்' வரியில் ப்ரேக்பாயின்ட் வைத்து ஸ்டாக்கின் உச்சியைப் பாருங்கள், 'கால்' வரிக்கு அடுத்த கட்டளையின் முகவரி இல்லையென்றால் ஓட்டும் முன்பே தெரிந்துவிடும்.

அறிகுறி: பிரின்ட்எஃப் அழைத்தால் உள்ளே போய் விழுகிறது

விழுந்த கட்டளை 'மூவ்ஏபிஎஸ்' என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டாக் 16ஆல் வகுபடும் நிலையில் இல்லை. 'கால்' கட்டளைக்கு முன் ஆர்எஸ்பி 16இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மெயினுக்குள் நுழையும்போதே திரும்பும் முகவரி 8 பைட்டை எடுத்துக்கொண்டிருக்கும், அதனால் எட்டு தள்ளி நிற்கிறீர்கள். தொடக்கத்தில் ஆர்எஸ்பியில் 8 கழித்து, முடிவில் 8 கூட்டுங்கள். ஆர்எஸ்பியின் ஹெக்ஸ் எண் அழைக்கும் முன் பூஜ்யத்தில் முடிய வேண்டும், 8இல் முடிந்தால் தப்பு. இது ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் விழும், சி லைப்ரரியின் பதிப்பைப் பொறுத்தது, 'என் லேப்டாப்பில் ஓடியதே' என்ற வாதம் இங்கே செல்லாது. பிரின்ட்எஃப்புக்கு ஏஎல்-இல் பூஜ்யமும் வைக்க வேண்டும், தசம எண் எதுவும் அனுப்பவில்லை என்று சொல்வதற்கு.

லிங்க் செய்யும்போதே 'பிஐஇ' (மெமரியில் எங்கே ஏற்றினாலும் ஓடும் ப்ரோக்ராம் வகை) என்று ஏதோ சொல்லி மறுத்தால், ஜிசிசிக்கு 'நோ-பிஐஇ' கொடுத்துப் பழகும் வரை ஓட்டுங்கள். முறையான வழி 'டிஃபால்ட் ரெல்' போட்டு, முகவரிகளை 'லீ' கொண்டு ஏற்றுவது.

டெர்மினலில் அச்சாகிறது, கோப்புக்குத் திருப்பினால் கோப்பு காலி என்றால் பிரின்ட்எஃப்பையும் சிஸ்கால் 60ஐயும் கலந்திருக்கிறீர்கள். பிரின்ட்எஃப் சேர்த்து வைத்திருந்ததை எழுதும் முன்பே கர்னல் ப்ரோக்ராமை முடித்துவிட்டது. சி லைப்ரரியோடு போனால் மெயினிலிருந்து 'ரெட்', அல்லது லைப்ரரியின் எக்ஸிட் ஃபங்ஷன்.

அறிகுறி: குறை எண் வந்தால் மட்டும் ஒப்பீடு தப்பாகிறது

-1ஐயும் 5ஐயும் ஒப்பிட்டு -1 பெரிது என்கிறதா? 'ஜேஏ', 'ஜேபி' போட்டிருக்கிறீர்கள். அவை குறி பார்க்காதவை, அவற்றுக்கு 64 பிட் -1 என்பது 18446744073709551615. குறியோடு ஒப்பிட 'ஜேஜி', 'ஜேஎல்'. முகவரிகளையும் நீளங்களையும் ஒப்பிடும்போது மட்டும் முதல் ஜோடி. சிஸ்டம் கால் திருப்பித் தந்த ஆர்ஏஎக்ஸ் தோல்வியா என்று பார்ப்பதும் குறியோடுதான்: ஆர்ஏஎக்ஸை அதனோடே 'டெஸ்ட்' செய்து 'ஜேஎஸ்' போட்டால் போதும். ரீட், ரைட் இரண்டுக்கும் பின்னால் இந்த இரண்டு வரியை எழுதி, தோற்றால் அந்த எண்ணைக் குறி மாற்றி ஆர்டிஐயில் வைத்து 60இல் வெளியேறுங்கள். டெர்மினலில் 'எக்கோ டாலர் கேள்விக்குறி' கொடுத்து 14 என்று வந்தால் பஃபரின் முகவரி தப்பு. 9 என்று வந்தால் ஆர்டிஐயில் கொடுத்த கோப்பு எண் தப்பு. 139 என்று வந்தால் அது நீங்கள் வைத்த எண் இல்லை, 128உடன் செக்மென்டேஷன் ஃபால்ட்டின் சிக்னல் எண் 11ஐ ஷெல் கூட்டிச் சொல்வது, ஜிடிபியைத் திறக்க வேண்டியதுதான்.